துறையின் பெயரும் ஊரின் உழைப்பும்

உலகின் பெருநகரங்களில் உள்ள பழம்பொருட் காட்சிச்சாலைகள் பலவற்றில், கண்ணாடிப் பேழைக்குள்ளே பெரியதொரு பீங்கான் தட்டினைக் காணலாம். தட்டின் நடுவில் ஒரு பூச்சாடி வரையப்பட்டிருக்கும். அச்சாடியிலிருந்து செவ்வந்தி மலர்களும் பிற மலர்களும் எழுந்து விரியும். விளிம்பைச் சுற்றிலும் பல கட்டங்கள். ஒரு கட்டத்தில் பறவை, மற்றொன்றில் மூங்கில், வேறொன்றில் ஓடும் நீர். ஆழ்ந்த நீலமும், செங்காவி போன்ற சிவப்பும், பொன்னும் சேர்ந்து வெள்ளைத் தரையைப் பெரும்பாலும் மறைத்து நிற்கும். பேழையின் அடியில் ஒட்டிய சீட்டைப் படித்தால், 'இமாரி' என்னும் ஒரு சொல்லோடு அது முடிந்திருக்கும்.

இமாரி, அத்தட்டை வனைந்த ஊர் அன்று. அது ஒரு துறைமுகம். ஜப்பானின் தென்மேற்கில் உள்ள கியூஷு தீவில், இன்று சாகா என வழங்கும் மாவட்டத்தில், அரித்தா என்னும் மலையூர் இருக்கிறது. அங்கே வனைந்து, சுட்டு, வண்ணம் தீட்டிய கலங்களை வைக்கோல் சுற்றிக் கட்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இமாரித் துறைக்குக் கொண்டு வந்து கப்பலேற்றினர். கப்பல் புறப்பட்ட இடத்தின் பெயர் சரக்கின் பெயராயிற்று. வனைந்தவர் ஊர் மறைந்தது. பெயரில் என்ன இருக்கிறது, கலம் அழகாய் இருந்தால் போதாதா என்று கேட்பார் உளர். போதாது என்பதே என் கருத்து.

தமிழ் மாணவர்க்கு இது விளங்காத செய்தி அன்று. பண்டு சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியர் கப்பல்களில் சென்ற கோடிட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சாந்தோமே' என்று அழைத்தனர். மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் துறையின் பெயரே கடல் கடந்து சென்று துணிக்குப் பெயராயிற்று. அத்துணியை நெய்தவர் எவ்வூரினர், அவர் தறி எத்தெருவில் இருந்தது என்பதை அதை உடுத்திய ஜப்பானியர் அறிந்திலர். அரித்தாவின் குயவரும் சோழமண்டலத்தின் நெசவாளரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எனினும் இருவர்க்கும் நேர்ந்தது ஒன்றே.

அரித்தாவின் வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. ஜப்பானை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த தொயோதொமி ஹிதேயோஷி, 1592-ஆம் ஆண்டில் கொரிய நாட்டின்மேல் படை செலுத்தினான். 1598-இல் அவன் இறந்த பின்னரே அப்போர் ஓய்ந்தது. திரும்பிய படைத்தலைவர்கள் பொன்னையும் பொருளையும் மட்டும் கொண்டு வரவில்லை. கொரியக் குயவர்களையும் குடும்பத்தோடு கொண்டு வந்தனர். அக்காலத்து ஜப்பானியப் பெருமக்கள் தேநீர் விருந்தில் கொரியக் கிண்ணங்களைப் போற்றி வந்தனர். கிண்ணத்தை விலைக்கு வாங்குவதைவிடக் கிண்ணம் செய்வாரையே கவர்ந்து வருவது எளிது என்று அவர்கள் எண்ணினர் போலும்! அப்போரினைக் 'குயவர் போர்' என்று பிற்காலத்தார் சிலர் குறிப்பதும் உண்டு. அப்பெயரைக் கேட்டு நகைப்பவர், கவரப்பட்டவர் நிலையில் தம்மை வைத்துப் பார்த்தல் வேண்டும்.

சாகாப் பகுதியை ஆண்ட நாபெஷிமா குலத்தார் கொணர்ந்தவர்களுள் ஒருவர் யீ சாம்பியோங். நல்ல வெண்கல்லைத் தேடி அலைந்த அவர், 1616-ஆம் ஆண்டளவில் அரித்தாவின் இசுமியாமா மலையில் அதனைக் கண்டார் என்பது அவ்வூர் மரபு. பீங்கான் என்பது வெறும் களிமண் அன்று. இந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, நீரில் கலக்கித் தெளியவைத்து, பிசைந்து வனைதல் வேண்டும். வனைந்ததை ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்டால், அது கண்ணாடிபோல் இறுகி, தட்டினால் மணிபோல் ஒலிக்கும். ஜப்பானில் அதற்கு முன் மட்கலங்கள் ஏராளமாக இருந்தன, பீங்கான் இல்லை. சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருவதே பீங்கான் என்றிருந்த நாட்டில், சிறை வந்தவர் கையால் அது பிறந்தது.

யீ சாம்பியோங்கைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவரோடு ஒப்ப எண்ணத்தக்க பெண்மணி ஒருவரைப் பற்றி அத்துணைப் பேர் எழுதவில்லை. பேக்பாசோன் என்று கொரிய மொழியிலும், ஹியாக்குபாசென் என்று ஜப்பானிய மொழியிலும் அவரை வழங்குவர். நூறாண்டு நெருங்கிய மூதாட்டி என்பதே அச்சொல்லின் கருத்து. அவரது இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. கணவரோடு கொரியாவிலிருந்து வந்த அவர், 1618-இல் கணவர் இறந்தபின் தளர்ந்துவிடவில்லை. தம்மைச் சார்ந்த தொள்ளாயிரம் பேரை அழைத்துக்கொண்டு அரித்தாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே சூளை மூட்டினார் என்பர். தொண்ணூற்றாறு ஆண்டு வாழ்ந்து 1656-இல் மறைந்த அவருக்கு, மரபினர் பிற்காலத்தில் கல் நாட்டினர். அந்நிய மண்ணில், பிறர் மொழி பேசும் ஊரில், தொள்ளாயிரம் பேர்க்கு வழி காட்டிய ஒரு பெண்ணின் ஆற்றலை எத்தனை காட்சிச்சாலைச் சீட்டுகள் சொல்லுகின்றன?

சூளைக்கு விறகு வேண்டும். விறகுக்குக் காடு வேண்டும். கலத்தொழிலில் ஆதாயம் கண்ட பலர் அரித்தா மலைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தனர். 1637-ஆம் ஆண்டில் நாபெஷிமா அரசு, எண்ணூறுக்கு மேற்பட்ட ஜப்பானியக் குயவர்களை அவ்வட்டாரத்தினின்று வெளியேற்றியது. கொரிய மரபினர் பெரும்பாலும் இருக்க விடப்பட்டனர். காட்டைக் காத்தல் ஒரு நோக்கம். கைவல்லாரை மட்டும் ஓரிடத்தில் நிறுத்தித் தொழிலைத் தன் பிடிக்குள் வைத்தல் மற்றொரு நோக்கம். ஊருக்குள் வருவாரும் போவாரும் காவலர் கண்ணுக்குத் தப்பவில்லை. தொழில் மறை வெளியே சென்றுவிடலாகாது என்பதில் ஆண்டோர் அத்துணை விழிப்பாய் இருந்தனர்.

இனி, அக்கலத்தின் வண்ணம் எவ்வாறு அமைந்தது என்பதைக் காண்போம். நீலம் முதலில் வருவது. கோபால்ட்டு என்னும் உலோகக் கலவையால் வெறுங்கலத்தின்மேல் தீட்டி, அதன்மேல் மெருகு பூசிச் சூளையில் வைப்பர். மிகுந்த வெப்பத்தைத் தாங்கவல்ல நிறங்கள் சிலவே. நீலம் அவற்றுள் தலையாயது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அவ்வெப்பத்தில் நில்லா. ஆதலின், மெருகேறிச் சுட்டெடுத்த கலத்தின்மேல் அவற்றைத் தீட்டி, ஏறத்தாழ 800 பாகை வெப்பமுள்ள சிறுசூளையில் மறுமுறை சுடுவர். பொன் பூசுவதாயின் அதுவும் இறுதியில், மெல்லிய வெப்பத்தில். இவ்வாறு ஒரு தட்டு பன்முறை தீயில் புகுந்து வருவது. ஒவ்வொரு முறையும் அது வெடிக்கலாம், கோணலாம், நிறம் கெடலாம்.

வேலையும் பலர் கையில் பங்கிடப்பட்டிருந்தது. வனைபவர் ஒருவர், கோடு இழுப்பவர் ஒருவர், கோட்டுக்குள் நீலம் நிரப்புபவர் மற்றொருவர். சிவப்பும் பொன்னும் தீட்டுவார்க்கு அரித்தாவில் தனித்தெருவே இருந்தது. அரசின் இசைவு பெற்ற சில குடும்பத்தாரே அங்கே அத்தொழில் செய்யலாம். ஒரு தட்டைப் பார்த்து 'இதனைச் செய்தவர் யார்?' என்று கேட்டால், பத்துப் பேரைச் சுட்டுதல் வேண்டும். பெயர் பொறிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பத்துப் பேர் செய்தது என்பதனால் ஒருவரும் செய்யாதது ஆகிவிடுமா?

கடல் வணிகம் இத்தொழிலை உலகுக்குக் காட்டியது. ஐரோப்பியர் அதுகாறும் பீங்கானைச் சீனத்திலிருந்து வாங்கி வந்தனர். 1644-இல் மிங் அரசு வீழ்ந்தது. சீனத்தில் கலகம் மூண்டு, சூளைகள் அணைந்தன. பின்னர்ப் புதிய அரசு கடல் வணிகத்துக்கும் தடை விதித்தது. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பினியார், 1641 முதல் நாகசாகித் துறையிலுள்ள தெஜிமா என்னும் சிறுதீவில் ஒதுங்கி வாழ்ந்து வணிகம் செய்து வந்தனர். அவர்கள் பார்வை அரித்தாவின்மேல் விழுந்தது. 1650-இல் சிறிதளவு வாங்கிப் பார்த்தனர். 1659-இல் அவர்கள் கேட்டது ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கலங்கள்! மலையூர்க் குயவர் திகைத்திருப்பர். எனினும் சூளைகளைப் பெருக்கி, கேட்டதைக் கொடுத்தனர்.

ஒல்லாந்தர் கேட்ட வடிவங்களைக் கேட்டால் நமக்கு நகை தோன்றும். பியர் அருந்தும் கைப்பிடிக் குவளை, கடுகுச் சாந்து வைக்கும் சிமிழ், மூன்று காலும் குழாயும் உடைய காப்பிச் சாடி ஆகியவற்றை அவர்கள் வேண்டினர். நாவிதர் கழுத்தருகே பொருத்திப் பிடிப்பதற்காக விளிம்பில் பிறைபோல் வெட்டிய தட்டும் அவற்றுள் ஒன்று. காப்பியைச் சுவைத்தறியாத ஊரில் காப்பிச் சாடி செய்வது எங்ஙனம்? மரத்தில் கடைந்த மாதிரிகளை ஒல்லாந்தர் அனுப்பினர். அம்மாதிரியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பயன் இன்னதென்று தெளிவாய் அறியாமலே, அரித்தாக் குயவர் அதனைப் பீங்கானில் ஆக்கினர். வடிவம் ஐரோப்பியரது, விளிம்பின் கட்டங்கள் சீனத்துப் பழைய தட்டுகளைப் பார்த்துக் கற்றவை, உள்ளே பூத்திருக்கும் மலரும் பாயும் நீரும் ஜப்பானியர் கண்ட காட்சி.

இங்கேதான் அறிஞர் சிலர் ஒரு குறை கூறுவர். 'இக்கலங்கள் அந்நியர் விருப்பத்துக்காகச் செய்யப்பட்டவை, விற்பனைச் சரக்கு, ஆகவே உண்மைக் கலை அல்ல' என்பது அவர் வாதம். அதற்கு மாறாக, அதே நாபெஷிமா குலத்தார் ஒக்காவச்சியாமா மலையிடுக்கில் சூளை அமைத்து, ஷோகுனுக்கும் பெருமக்களுக்கும் பரிசளிப்பதற்கென்றே செய்வித்த கலங்களை அவர்கள் காட்டுவர். அவை விலைக்கு வாராதவை. ஆதலின் தூயவை என்பர். அக்கலங்களின் செம்மையை நானும் மறுக்கவில்லை. ஆனால் தலைவனுக்குச் செய்தது தூயது, வணிகனுக்குச் செய்தது மாசுடையது என்பது என்ன முறை? இரண்டும் பிறர் ஏவச் செய்தவையே. ஷோகுன் விரும்பும் கோலம் இன்னது என்று மேலோர் வகுத்துக் கொடுக்க, அதன் வழியே தூரிகை சென்றது. ஒல்லாந்தர் மரமாதிரியைப் பின்பற்றியதும் அதுபோன்றதே. ஏவியவர் யார் என்பது கலத்தின் தரத்தைக் காட்டாது. ஏவலுக்குள் நின்று கைவினைஞர் என்ன செய்தார் என்பதே அதனைக் காட்டும்.

இதற்குச் சிறந்த சான்று காக்கியேமோன் வகைக் கலங்கள். சக்காய்தா காக்கியேமோன் என்பார் 1596 முதல் 1666 வரை வாழ்ந்தவர். பழுத்த காக்கிப் பழத்தின் செந்நிறத்தைக் கண்டு மயங்கி, அந்நிறத்தைக் கலத்தில் கொணர்வதற்காகத் தனியே பல்லாண்டு அரும்பாடுபட்டார் என்றொரு கதை ஜப்பானியப் பள்ளிப் பாட நூலில் ஒருகாலத்தில் இடம்பெற்றிருந்தது. கதை இனிது. ஆனால் அவர் குடும்பத்தில் காக்கப்பட்ட பழஞ்சுவடி கூறுவது வேறு. நாகசாகியில் இருந்த சீனர் ஒருவர்க்கு வெள்ளி கொடுத்து, இமாரி வணிகர் ஒருவர் வண்ணம் தீட்டும் மறையைக் கற்று வந்தார்; அதனைக் காக்கியேமோனிடம் ஒப்படைத்தார்; முதலில் கைகூடவில்லை; பின்னர்த் துணைவர் ஒருவரோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் முயன்று வென்றார்; 1647-இல் அக்கலங்கள் நாகசாகியில் விற்பனைக்குச் சென்றன. எனக்கு இச்செய்தியே பழத்தின் கதையினும் உயர்ந்ததாய்த் தோன்றுகிறது. ஒருவர் அறிவும், ஒருவர் பொருளும், ஒருவர் பொறுமையும் கூடிய இடத்தில் அச்சிவப்பு பிறந்தது.

காக்கியேமோன் மரபில் வளர்ந்த கலங்களின் சிறப்பு அவற்றின் வெறுமை. தரை பால் வெண்மை. அரிசி களைந்த நீரின் பெயரையே அவ்வூரார் அவ்வெண்மைக்கு இட்டனர். அத்தரையில் ஒரு புறமாக ஒரு கிளை நீளும்; கிளையடியில் இரண்டு காடைகள் தினைக் கதிரருகே நிற்கும்; மறுபுறம் ஒன்றும் இராது. அந்த ஒன்றுமில்லாமையைக் கெடுக்க ஓவியர்க்கு மனம் வரவில்லை. நினைவில் வையுங்கள்: இவையும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டவை, ஐரோப்பிய அரண்மனைகளில் குவிந்தவை. அந்நியர்க்கு விற்பது கலையைக் கெடுக்கும் என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

ஆயினும் எல்லாக் கலங்களையும் ஒரே நிறையில் வைத்தல் இயலாது. சீன அரசு 1684-இல் கடற்றடையை நீக்கியது. சீனக் கலங்கள் மலிந்த விலையில் மீண்டும் வந்தன. அவர்கள் இமாரியின் நீலம், சிவப்பு, பொன் ஆகிய மூன்றையும் அப்படியே பின்பற்றினர். போட்டி முற்றிய காலத்து அரித்தாக் கலங்கள் சிலவற்றில் பொன்னின்மேல் பொன் ஏறியிருக்கிறது. கண்ணுக்கு இளைப்பாற ஓரிடம் இல்லை. தரை தெரியாதவிடத்துத் தரையின் குறையும் தெரியாதன்றோ? அத்தகையவற்றை நான் புகழமாட்டேன். வாங்குவோர் விருப்பத்துக்குச் செய்தமையால் அவை தாழவில்லை. விரைந்து செய்தமையால் தாழ்ந்தன.

ஐரோப்பாவில் இக்கலங்கள் பெற்ற மதிப்பு வியப்புக்குரியது. இங்கிலாந்தில் பர்லி மாளிகையின் 1688-ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில், மற்போரிடும் இருவர் உருவமாகிய ஜப்பானியப் பீங்கான் குறிக்கப்பட்டிருக்கிறது; 'சீனத்துச் சிறுவர்' என்றே பட்டியல் எழுதியவர் குறித்தார். சாக்சனி நாட்டு அகஸ்தஸ் மன்னனின் பீங்கான் பித்து ஊரறிந்தது. 1717-இல் அவன் பிரஷ்ய மன்னனுக்கு 600 படைவீரரைக் கொடுத்து 151 சீனப் பீங்கான்களைப் பெற்றான். ஒரு சாடிக்கு நான்கு வீரர்! அந்த அறுநூற்றுவரிடம் யாரேனும் கருத்துக் கேட்டனரா? டிரெஸ்டன் நகரில் அவன் தொகுத்த சீன, ஜப்பானியக் கலங்கள் ஒவ்வொன்றின்மேலும் இலக்கம் பொறித்தனர். கலத்துக்கு எண் கிடைத்தது. வனைந்தவர்க்குப் பெயர் கிடைக்கவில்லை.

அதே மன்னன் பொன் செய்யும் வித்தை தெரியும் என்ற பொட்கர் என்னும் இளைஞனைக் காவலில் அடைத்து வைத்திருந்தான். பொன் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710-இல் மைசன் தொழிற்சாலை தொடங்கியது. கிழக்கில் அரித்தாவும் மேற்கில் மைசனும் இவ்வாறு கட்டுண்டவர் கையாலேயே தொடங்கியமை எண்ணத்தக்கது. மைசனார் காக்கியேமோன் கோலங்களைக் கற்றுத் திறம்பட வரைந்தனர். பாரிஸ் வணிகன் லெமேர் என்பான் அதைக் கண்டு ஒரு சூழ்ச்சி செய்தான். மைசன் முத்திரை நிலையாகப் பதியாமல் கலங்களைச் செய்வித்து, பாரிசில் பழைய ஜப்பானியக் கலம் என்று விற்க முனைந்தான். அமைச்சன் ஹோயிம் அதற்கு உடந்தை. 1731-இல் அச்சூழ்ச்சி வெளிப்பட்டு, அமைச்சன் பதவி இழந்தான்.

பெயர் நழுவுவதுபோலவே பொருளும் நழுவும். காக்கியேமோன் கலங்களில் ஒரு படம் உண்டு: பெரிய தாழி உடைந்து நீர் பாய, உள்ளிருந்து ஒரு சிறுவன் வெளிப்படுகிறான்; கல் எறிந்த சிறுவன் அருகில் நிற்கிறான். பின்னாளில் பெரும் வரலாற்றாசிரியராக விளங்கிய சீனத்துச் சிமா குவாங், சிறுவயதில் தாழியில் விழுந்த தோழனைக் காத்த கதை அது. ஏனையோர் அஞ்சி ஓட, விலையுயர்ந்த தாழியை உடைத்து உயிரைக் காத்தான் அச்சிறுவன். இப்படம் இங்கிலாந்து சென்றபோது கதை உடன் செல்லவில்லை. அந்நாட்டு நகைச்சுவை நாடகத்தில் கிணற்றில் விழும் ஹாப் என்னும் நாட்டுப்புறத்தான் பெயரை அப்படத்துக்கு இட்டனர். கலத்தைவிட உயிர் பெரிது என்று கலத்தின்மேலேயே குயவர் எழுதி அனுப்பியதை, வாங்கியவர் வேடிக்கைப் படமாக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தனர்.

ஒல்லாந்துக் கும்பினியின் வாங்குதல் 1757-இல் நின்றது. 1828-இல் புயலோடு வந்த பெருந்தீ அரித்தாவைச் சுட்டெரித்தது. பாலனைய வெண்தரை செய்யும் மறையோ அதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, கைவிடப்பட்டிருந்தது. அது சூளையில் எளிதில் கோணும். எடுப்பதினும் எறிவது மிகும். காக்கியேமோன் மரபின் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தலைமுறையினர் பழைய குறிப்புகளைத் துணைகொண்டு முயன்று, 1953-இல் அதனை மீட்டனர்.

காட்சிச்சாலைச் சீட்டில் இடம் குறைவு என்பர். 'அரித்தா, கொரியக் குயவர் தொடங்கிய சூளை, இமாரித் துறை வழியாக ஏற்றுமதி' என்று எழுத எத்தனை விரல் இடம் வேண்டும்? அரித்தா ஊரார் தம் பங்கைச் செய்துள்ளனர். அவ்வூர்க் கோயிலில் நாபெஷிமா தலைவனோடு யீ சாம்பியோங்கும் வணங்கப்படுகிறார். மேலேயுள்ள குன்றில் 1917-இல் அவருக்கு நினைவுத் தூண் எழுப்பினர். கோயிலின் நுழைவாயிலே பீங்கானால் ஆனது. கீழே, தெருக்களின் இருபுறத்துச் சுவர்களும் பழைய சூளைகளை இடித்தெடுத்த செங்கல்லால் கட்டப்பட்டவை. பன்முறை தீயில் வெந்த அக்கற்களில் உருகி வழிந்த மெருகு இன்றும் பச்சையும் பழுப்புமாய்ப் பளபளக்கிறது. இசுமியாமா மலையில் கல் எடுத்த இடம் பெரும்பள்ளமாய் நிற்கிறது. ஒரு மலையே கலமாகிக் கடல் கடந்து போயிற்று என்று அவ்விடத்தைக் கண்டோர் கூறுவர்.